பட்டன் சொல் கேட்காத வாஷிங் மெஷின்: போர்டை மாற்றுவதற்கு முன்

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது மேல்மூடி திறக்கும் முழுத் தானியங்கி வாஷிங் மெஷின், வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதமாக ஸ்டார்ட் பட்டன் சில நாள் வேலை செய்கிறது, சில நாள் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. யாரும் தொடாமலேயே ‘பீப்’ என்று ஒலித்துப் புரோகிராம் தானாக மாறுவதும் உண்டு. மழை நாட்களில் இந்தத் தொல்லை கூடுகிறது. போன வாரம் அலசிக்கொண்டிருந்தபோது மெஷின் நின்றுபோய், விளக்குகள் எல்லாம் விட்டு விட்டு எரிந்தன. பார்க்க வந்த மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், “போர்டு போய்விட்டது, புதிது போட வேண்டும்” என்று சொல்லிவிட்டார். ஆகும் செலவைப் பார்த்தால் புது மெஷினே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. மெஷினை இயக்கும் அந்த மின்னணுப் போர்டை மாற்றத்தான் வேண்டுமா? நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? ஸ்டெபிலைசர் வைக்காததுதான் காரணமா?

பதில்: உங்கள் கேள்விக்கான விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை என்கிறீர்கள். மழை நாளில் கூடுகிறது என்கிறீர்கள். தொடாமலேயே பட்டன் அழுத்தப்பட்டதுபோல் ஒலிக்கிறது என்கிறீர்கள். உண்மையிலேயே உயிர் போன போர்டு நாள் பார்த்து நடந்துகொள்ளாது. காய்ந்தால் சரியாகி, நனைந்தால் கெடும் ஒரு கோளாறு, பெரும்பாலும் ஈரம் புகுந்த பட்டனின் கோளாறுதான். மெக்கானிக் சொன்னது பொய்யென்று நான் சொல்லவில்லை. பட்டன்களும் அந்தப் போர்டில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதால் ஒரு வகையில் அவர் சொன்னது சரியே. ஆனால் திறந்து பார்க்காமல் சொல்லப்பட்ட தீர்ப்பின் பேரில் பணம் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டாக இருக்கலாம். பட்டன் பிரச்சினை ஒன்று. அலசும்போது நின்றுபோனது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போர்டின் தலையில் வைப்பதால்தான், போர்டை மாற்றிய பிறகும் மெஷின் பழையபடியே நிற்கிறது என்று பலர் புலம்ப நேர்கிறது. முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம்.

எளிதானது இரண்டாவது, அதை முதலில் பார்த்துவிடலாம். கண்ட்ரோல் போர்டுக்குக் கண் கிடையாது. தண்ணீர் வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு, நீர்மட்ட சென்சாரிலிருந்து வரும் சமிக்ஞை மாறுகிறதா என்று அது காத்திருக்கும். வடிகால் மோட்டாரை ஓடச் சொல்லிவிட்டு, தொட்டி காலியானதா என்று காத்திருக்கும். குறித்த நேரத்துக்குள் எதிர்பார்த்த பதில் வராவிட்டால், வேலையை நிறுத்தி, விளக்குகளையோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீட்டையோ காட்டும். அந்த நேரத்தில் போர்டு கெட்டுப்போகவில்லை. தன் கடமையைத்தான் செய்கிறது. அலசும் கட்டம் என்பது சோப்பு நீரை வெளியேற்றி, சிறிது சுழற்றி, மறுபடி நீர் பிடிப்பது. ஆகவே அந்த இடத்தில் நின்ற மெஷினில் நான் முதலில் சந்தேகப்படுவது, மடங்கிப்போன வடிகால் குழாய், தண்ணீர் நுழையும் இடத்தில் வண்டல் அடைத்த வலை, சரியாக மூடாத மூடி, ஒரு பக்கமாகக் குவிந்த கனமான போர்வை ஆகிய நான்கையும்தான். வலையைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ ஐந்து நிமிடம் போதும். தண்ணீர் வரும் குழாயை மூடிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்த முறை நின்றால் உடனே அணைத்துவிடாமல், விளக்குகள் எரியும் விதத்தைக் கைபேசியில் அரை நிமிடம் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதி நிமிடங்களைக் காட்டும் எண் திரையில் அப்படியே இருந்து, ஸ்டார்ட் விளக்கு மட்டும் மின்னினால், மெஷின் இடைநிறுத்தத்தில் இருக்கிறது என்று பொருள்; பெரும்பாலான மாடல்களில் ஸ்டார்ட்டும் இடைநிறுத்தமும் ஒரே பட்டன்தான் என்பதால், ஈரத்தில் தானாக அழுந்திய அந்தப் பட்டனே மெஷினை நிறுத்தியிருக்கவும் கூடும். அப்படியானால் இரண்டு கோளாறும் ஒன்றே ஆகிவிடும். மாறாக எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் மின்னினாலோ குறியீடு தெரிந்தாலோ, மெஷினுடன் வந்த கையேட்டில் அதற்கான பொருள் இருக்கும். ஒரு நிறுவனத்தின் குறியீடு மற்றொரு நிறுவனத்துக்குப் பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளும் மாறலாம். பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

குழந்தைப் பூட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு பட்டன்களைச் சில நொடிகள் சேர்த்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வசதி அது. அது விழுந்திருந்தால் பெரும்பாலும் பவர் பட்டனைத் தவிர வேறெதுவும் வேலை செய்யாது. சிரிக்க வேண்டாம், பை நிறையக் கருவிகளோடு போய், பூட்டை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பிய வீடுகள் எனக்கு உண்டு. உங்கள் விஷயத்தில் பீப் ஒலி தானாக வருவதால், ஈரம் படிந்த பட்டன்களே அந்தப் பூட்டைப் போட்டுவிடுவதற்கும் வாய்ப்பிருக்கிறது.

இனிப் பட்டனுக்கு வருவோம். நீங்கள் விரலால் அழுத்துவது பேனலின் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் உறையை. அதற்குக் கீழே போர்டின் மீது, ஏறக்குறைய சட்டைப் பொத்தான் அகலமே உள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் குமிழாக வளைந்த ஓர் உலோகத் தகடு. அழுத்தும்போது ‘டிக்’ என்று உள்வாங்கி இரண்டு முனைகளை இணைப்பதும், விட்டதும் மேலெழுந்து பிரிப்பதும் அந்தத் தகடுதான். ஒரு நாளைக்கு நூறு முறை அழுத்தினாலும் அது தாங்கும். தாங்க முடியாதது சோப்பு கலந்த ஈரத்தை.

உங்கள் மெஷினின் ஸ்டார்ட் பட்டன் மேல் உள்ள உறையைப் பகல் வெளிச்சத்தில், சாய்வான கோணத்தில் பாருங்கள். நகம் படும் இடத்தில் பிறை வடிவில் ஒரு மெல்லிய கீறல் தெரிகிறதா? நான் திறந்து பார்த்த இத்தகைய மெஷின்கள் பலவற்றில் கதை அங்கேதான் தொடங்கியது. துணியைத் தொட்டிக்குள் போட்டு, சோப்பை அளந்து ஊற்றி, அதே ஈரக் கையால் ஸ்டார்ட்டை அழுத்துகிறோம். தினமும் ஒரு சொட்டுக்கும் குறைவான நீர் கீறல் வழியாக உள்ளே போகிறது. நீர் காய்ந்துவிடும், சோப்பு காயாது. அது வெள்ளைப் பொருக்காக சுவிட்சின் கால்களைச் சுற்றிப் படிந்து, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. சில ஆண்டுகளில் செம்புக் கால்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். வெயில் நாளில் அந்தப் பொருக்கு உலர்ந்து மின்சாரத்தைக் கடத்தாமல் இருக்கும்; மழை நாளில் நெகிழ்ந்து கடத்தும். உங்கள் மெஷின் பருவம் பார்த்து நடந்துகொள்வதன் இரகசியம் இதுதான்.

ஸ்டார்ட்டில் கசிந்தால் ஸ்டார்ட் அல்லவா அழுந்த வேண்டும், புரோகிராம் ஏன் மாறுகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல போர்டுகளில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் கிடையாது. நான்கைந்து பட்டன்களை வெவ்வேறு மதிப்புள்ள ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) மூலம் ஒரே கம்பியில் இணைத்திருப்பார்கள். போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப், அந்தக் கம்பியில் உள்ள வோல்டேஜை அளந்து, இந்த அளவு என்றால் ஸ்டார்ட், அந்த அளவு என்றால் புரோகிராம் என்று ஊகித்துக்கொள்ளும். நல்ல சுவிட்ச் அழுத்தாதபோது முழுமையாகத் துண்டித்திருக்க வேண்டும். ஈரம் புகுந்த சுவிட்சோ சில ஆயிரம் அல்லது சில பத்தாயிரம் ஓம் மின்தடை வழியே எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவே வோல்டேஜைச் சற்று இறக்கி, வேறொரு பட்டன் அழுத்தப்பட்டதாகப் போர்டை நம்பவைக்கிறது. நீங்கள் ஸ்டார்ட்டை உண்மையிலேயே அழுத்தும்போது பதில் வராததற்கும் அதுவே காரணம்: ஏற்கெனவே ஒரு பட்டன் அழுந்திக்கிடப்பதாக நினைக்கும் போர்டு, இரண்டாவதைப் பொருட்படுத்துவதில்லை.

இதை உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, மின்விசிறியின் காற்று பேனலின் மேல் படும்படி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அதன் பிறகு எல்லாப் பட்டன்களும் ஒழுங்காக வேலை செய்தால், மைக்ரோகன்ட்ரோலரும் மின்வழங்கல் பகுதியும் நலமாக இருக்கின்றன, குற்றவாளி ஈரம்தான் என்பது ஏறக்குறைய உறுதி. கோளாறு தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பொருக்கு உள்ளேதான் இருக்கிறது, அடுத்த ஈர நாளில் திரும்பி வரும். முடி உலர்த்தும் கருவியைப் பயன்படுத்துவோர் உண்டு. இளஞ்சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் கெடுதல் இல்லை, நெருக்கிப் பிடித்தால் மேலுறையின் பசை இளகி இன்னும் பெரிய வழி திறந்துவிடும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயைப் பட்டன் இடுக்கில் அடிக்க வேண்டாம். முதல் நாள் அற்புதம் நிகழ்ந்ததுபோல் இருக்கும். பிறகு அந்த எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சோதனையில் தேறினால் நிரந்தரத் தீர்வு, கசியும் அந்தச் சின்ன சுவிட்சுகளை மாற்றுவது. போர்டின் விலையோடு ஒப்பிட்டால் சுவிட்சின் விலை ஒன்றுமே இல்லை; செலவு உழைப்புக்குத்தான். ஏனென்றால் மேல்மூடி மெஷின்களின் போர்டுகளை ஈரத்திலிருந்து காப்பதற்காக, ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து, மெழுகு போன்ற ரெசினை ஊற்றி மூழ்கடித்திருப்பார்கள். பட்டன்களின் தலை மட்டும் வெளியே தெரியும். மின்னணுப் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர் ஒருவர், சுவிட்சின் கால்களைச் சுற்றியுள்ள ரெசினை மட்டும் கத்தி முனையால் செதுக்கி எடுத்து, பழையதை நீக்கி, அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்தி, புதியதைப் பற்றவைத்து, மேலே சிலிகான் பூசி மூடிவிடுவார். ஒரு பட்டன்தான் கெட்டிருக்கிறது என்றாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒரே வயதுள்ளவை, ஒன்றன்பின் ஒன்றாக விழும். மேலுறையின் கீறலை அடைக்காமல் சுவிட்சை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும். புது உறை கிடைக்காவிட்டால், தெளிவான ஒட்டுத்தாளைப் பேனல் முழுவதும் குமிழ் இல்லாமல் ஒட்டுவது போதும்.

இதை நீங்களே செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் மின்னணுப் பொழுதுபோக்கில் பழக்கமுள்ளவர்களும் ஏமாந்துபோகிறார்கள். போர்டில் மைக்ரோகன்ட்ரோலருக்குச் செல்வது 5 வோல்ட்தான், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட்தான். கைபேசி சார்ஜர் அளவு, தொட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் சார்ஜரில் வீட்டு மின்சாரப் பக்கமும் 5 வோல்ட் பக்கமும் டிரான்ஸ்ஃபார்மர் மூலம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வாஷிங் மெஷின் போர்டுகள் பலவற்றில் அந்தப் பிரிவு கிடையாது. மோட்டாரையும் வால்வையும் இயக்கும் மின்னணு சுவிட்சுகளான ட்ரையாக்குகளை நேரடியாகக் கட்டுப்படுத்துவதற்காக, அந்த 5 வோல்ட் பகுதியே வீட்டு மின்கம்பியோடு நேராகக் கோக்கப்பட்டிருக்கும். அதாவது 5 வோல்ட் என்று எழுதியிருக்கும் புள்ளி, தரையைப் பொறுத்தவரை 230 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கலாம். மின்சாரம் ஓடும்போது பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனைத் தட்டிப் பார்ப்பது, அதுவும் ஈரத் தரையில் நின்றபடி, உயிரோடு விளையாடுவது. அணைத்த பிறகும் உடனே கை வைக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேராக்கினால் உச்சத்தில் சுமார் 325 வோல்ட், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கும். வேகத்தை மின்னணு முறையில் மாற்றும் இன்வெர்ட்டர் மோட்டார் கொண்ட மெஷின்களில் அது வடியச் சில நிமிடங்கள் ஆகலாம். சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கிவிட்டுக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருப்பது என் வழக்கம். அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைப்பேன்.

நீங்கள் செய்யக்கூடியது, வருபவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பது. போர்டுதான் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். போர்டுக்கு மின்சாரம் வந்து சேர்கிறதா, போர்டு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தயாரிக்கிறதா, வால்வு, வடிகால் மோட்டார், மூடி சுவிட்ச் ஆகியவை தனித்தனியாகச் சோதிக்கப்பட்டனவா என்ற மூன்று கேள்விகளே போதும். அளக்காமல் சொல்பவருக்கு இவை எரிச்சலூட்டும். அளந்தவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

இதை வலியுறுத்துவதற்கு நான் பட்ட பாடும் ஒரு காரணம். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு வீட்டில் தண்ணீர் வால்வை இயக்கும் ட்ரையாக் கருகிய போர்டைக் கண்டு, வேறெதையும் பார்க்காமல் புதுப் போர்டைப் போட்டேன். தண்ணீர் பிடிக்கத் தொடங்கிய மறுகணமே ‘பட்’ என்று சத்தம். புதிய போர்டிலும் அதே இடத்தில் அதே கருகல், அதே மீன் வறுத்ததுபோன்ற வாடை. பிறகுதான் வால்வைத் திறக்கும் கம்பிச்சுருளான காயிலை அளந்தேன். 230 வோல்ட் வால்வுக் காயிலில் பொதுவாக நான்காயிரம் ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். அதில் நூற்றுக்கும் குறைவாகக் காட்டியது. காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, இழுத்த மின்னோட்டம் இரண்டு ட்ரையாக்குகளையும் பலிகொண்டிருந்தது. இரண்டாவது போர்டின் விலையை என் கையிலிருந்து கொடுத்தேன். அன்றிலிருந்து, கருகிய போர்டைக் கண்டால் கருக்கியது எது என்று கண்டுபிடிக்கும்வரை புதியதை நான் பொருத்துவதில்லை. ஃபியூஸ் போயிருந்தாலும் இதே விதிதான். அது ஏன் போனது என்று பார்க்காமல், அதன் இடத்தில் கம்பியைச் சுற்றிவிடுபவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

போர்டை மாற்றியே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. மின்கம்பி சேரும் இடத்தில் போர்டின் தகடே கரியாகிவிட்டால், அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பழுது பார்த்து நம்ப முடியாது. மைக்ரோகன்ட்ரோலர் செத்துவிட்டால், அதில் இருந்த நிரல் வெளியே கிடைப்பது அரிது. அப்படி மாற்ற நேர்ந்தால், பழைய போர்டின் ஸ்டிக்கரில் உள்ள பாக எண்ணை எழுத்து விடாமல் ஒப்பிட்டு வாங்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போர்டுகளில், தொட்டியின் கொள்ளளவுக்கோ மோட்டாரின் வகைக்கோ ஏற்ப நிரல் வேறாக இருக்கும். கழற்றும் முன் கனெக்டர்கள் இருக்கும் நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், பழைய போர்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வதும் உங்கள் உரிமை. உங்கள் கடிதத்தில் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அந்தக் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை என்றே கருதுகிறேன்.

ஸ்டெபிலைசர் பற்றிய குற்ற உணர்வை விட்டுவிடுங்கள். இன்றைய போர்டுகளில் உள்ள மின்வழங்கல் சுற்று, வோல்டேஜ் ஓரளவு ஏறி இறங்கினாலும் தாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறி இறங்கினால் திணறுவது மோட்டார்தான். போர்டைக் கொல்வது இடி மின்னலின்போதும், நியூட்ரல் கம்பி அறுந்துபோகும்போதும் திடீரெனப் பாயும் அதிக வோல்டேஜ். மின்னலின் வேகத்தில் பாய்வதைச் சாதாரண ஸ்டெபிலைசர் தடுக்காது. அதற்கு, திடீர்ப் பாய்ச்சலை உறிஞ்சும் சர்ஜ் புரொடெக்டர் வேண்டும், அது ஒழுங்காக வேலை செய்ய நல்ல எர்த்தும் வேண்டும். அதைவிட அவசரமானது உங்கள் சாக்கெட். பிளக்கைச் செருகும்போது தளர்வாக ஆடுகிறதா, பின்கள் கறுத்திருக்கின்றனவா, தொட்டால் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த சாக்கெட்டில் மின்சாரம் நொடிக்கு நொடி விட்டு விட்டு வரும்; ஓட்டத்தின் நடுவே மெஷின் நின்று, விளக்குகள் தாறுமாறாக எரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரிசையாகச் சொன்னால், இன்று சாக்கெட்டையும் மேலுறையின் கீறலையும் பாருங்கள், நாளை வலையைக் கழுவுங்கள், பிறகு இரண்டு நாள் உலரவிடுங்கள். மெஷினின் மேல் பிளாஸ்டிக் உறை போர்த்தும் பழக்கம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் தூசியைவிட, உள்ளேயிருந்து எழும் ஆவி சிக்கிக்கொள்வதுதான் பேனலுக்கு ஆபத்து. ஈரத் துணியைப் பேனலின் மேல் வைப்பதையும் நிறுத்துங்கள். உலர்ந்த பிறகும் பட்டன்கள் அதேபோல அடம்பிடித்தால் என் ஊகம் தவறு. அப்போது விளக்குகள் மின்னும் காணொளியையும், மெஷினின் பின்புறம் ஒட்டியுள்ள மாடல் எண்ணையும் சேர்த்து மீண்டும் எழுதுங்கள்.